அரைக்கண் பக்தர்

சாமி கும்பிடும்போது கண்ணை முழுக்க மூடிக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். திறந்தபடியே சாமியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாலும் ஊருக்கு ஒரு கெடுதலும் கிடையாது. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தைப் பற்றி.

இவருக்கு இமை இறங்கியிருக்கும். ஆனால் தாழ்ப்பாள் விழுந்திருக்காது. அடியில் ஒரு நூல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாக, பக்கத்தில் நிற்கிறவர் கண்ணை மூடியிருக்கிறாரா, கையை நெஞ்சுக்கு நேரே வைத்திருக்கிறாரா, எதிர் வரிசைப் பெண்பிள்ளை கைப்பேசியைத் தட்டுகிறாளா, போன மாதம் செத்த வீட்டுக்குப் போய்வந்த மனுசன் இத்தனை சீக்கிரம் எப்படிக் கோயிலுக்குள் வந்தான் என்று, தீபாராதனை முடிவதற்குள் மொத்தக் கூட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். சாமியை மட்டும் பார்க்க நேரம் இருக்காது. அதற்கென்ன, சாமி எங்கே ஓடிவிடப் போகிறது? ஓடப் போகிறவர்களைத்தானே கவனிக்க வேண்டும்?

இவருக்கு நான் வைத்த பெயர் அரைக்கண் பக்தர்.

மலேசியாவில், எங்கள் ஜொகூர் மாநிலத்தில் இவர் இல்லாத ஊர் கிடையாது. செனாயில் பார்க்கலாம், பாசிர் கூடாங்கில் பார்க்கலாம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் எல்லாரும் மணவறையைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் அட்சதை போடாமல் கையில் வைத்திருப்பவர்களைப் பார்ப்பார். காரில் போனால் முன்கண்ணாடி ஓரமாக ஒட்டியிருக்கும் குட்டிப் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒற்றிய அதே கையால் ஹாரனை அழுத்திக்கொண்டு, முன்னால் போகும் சிங்கப்பூர்க் காரின் பரம்பரையையே விசாரிப்பார். விடியற்காலையில் உங்கள் கைப்பேசிக்குத் தாமரைப் பூவும் சாமி படமுமாக ஒன்று வரும். நீங்கள் பதில் போடாவிட்டால், மத்தியானம் அவர் குரலிலேயே இன்னொன்று வரும்: “ஒண்ணுமில்ல, பாத்தீங்களான்னு கேக்கத்தான்.”

இவர் வாயில் எப்போதும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். “நான் யாரையும் குறை சொல்லல.” அதற்குப் பிறகு ஓர் ‘ஆனா’ வரும். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அரைமணி நேரத்துக்கு நீங்கள் எழுந்து போக முடியாது.

இது இந்துக்களின் வியாதி என்று வேதக்காரர்கள் யாரும் சிரிக்க வேண்டாம். அங்கேயும் இருக்கிறார். எனக்குத் தெரிந்த பெர்னார்ட், கடைவீட்டு மாடியில் கூடும் ஒரு சின்னச் சபைக்கு மூப்பர். ஜெபத்துக்கு எழுந்து நின்றாரென்றால், “எல்லாரும் கண்களை மூடுவோம்” என்பார். எல்லாரும் மூடுவார்கள். மூடினார்களா என்று அவர் பார்ப்பார். அதற்கு மேலே அவர் செய்கிற ஜெபம் இருக்கிறதே, அது ஆண்டவருக்குப் போகிற ஊர்ச் செய்தி. “ஆண்டவரே, இன்னிக்கும் தாமதமா வந்து கடைசி வரிசையில உக்காந்திருக்கிற சகோதரிய மன்னியும். மூணு வாரமா வராம, ஆனா கடைத்தெருவில மட்டும் தென்படுற சகோதரனை நினைச்சருளும்.” ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்தான், இருந்தாலும் விலாசத்தோடு சொல்லிவிடுவது நல்லது என்பது பெர்னார்டின் எண்ணம்.

சரி, பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. நடந்ததைச் சொல்கிறேன்.

சதாசிவத்தை அவர் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அவர் அம்மா கருப்பாயி எனக்கு ஒன்றுவிட்ட அக்கா; அதனால் நான் அவருக்குத் தாய்மாமன். கருப்பாயிக்குக் கூடப் பிறந்த மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அந்த மூத்தவளின் மகள் சாஆ என்ற ஊரில் ஒரு வேதக்காரக் குடும்பத்தில் வாக்கப்பட்டாள். மாப்பிள்ளையின் தம்பிதான் இந்தப் பெர்னார்ட். அந்த மாப்பிள்ளைக்குப் பிறந்தவள் லூசி. லூசிக்குப் பிறந்தவள் அபிகெயில். ஆகக்கூடி, லூசி சதாசிவத்துக்கு மருமகள் முறை. பெர்னார்டுக்கு அண்ணன் மகள். அபிகெயில் இரண்டு பேருக்கும் பேத்தி. சதாசிவமும் பெர்னார்டும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். இதை ஏன் இத்தனை நீட்டுகிறேன் என்றால், பின்னால் நடந்ததை வாட்சாப்பில் மதச் சண்டை என்று போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அது மச்சான் மச்சான் சண்டை.

செனாய்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. தோட்டம் போய்விட்டது, செம்பனை மரம் போய்விட்டது, சுற்றிலும் தொழிற்சாலை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மட்டும் நடுவில் நிற்கிறது. அரசாங்கப் பள்ளிதான். பிள்ளைகள் குறைவு. ஐந்தாம் ஆண்டில் மொத்தம் இரண்டே பிள்ளைகள். ஒருத்தி அபிகெயில். இன்னொருத்தி சதாசிவத்தின் மகன் வயிற்றுப் பேத்தி லோஷினி. இரண்டு பேரும் ஒரே மேசை, ஒரே தண்ணீர்ப் போத்தல், ஒரே சண்டை, ஒரே சமாதானம். சதாசிவம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, “என் பேத்தி வகுப்புல ரெண்டாவது” என்று நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். வகுப்பில் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவர் இடைவெளி விடுவதும் இல்லை.

மகனும் மருமகளும் விடியும் முன்னே பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவதால், பேத்திக்குப் பாதுகாவலர் என்ற முறையில் சதாசிவம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போனார். போனவர் தலைவராகத் திரும்பி வந்தார். மற்றவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஓய்வாக இருந்தவர் இவர் ஒருவர்தான். பதவி கிடைப்பதற்கு வேறு தகுதி எங்கே கேட்கிறார்கள்?

தலைவரானதும் முதல் வேலையாகப் பள்ளித் திடலில் நடக்கும் காலைச் சபைகூடலைப் பார்க்கப் போனார். அந்தப் பள்ளியில் நாட்டுப்பண், மாநிலப் பண் முடிந்ததும் கடவுள் வாழ்த்துப் பாடுவது வழக்கம். பாடுகிற பிள்ளை பாடும். பாடாத பிள்ளை சும்மா நிற்கும். எனக்குத் தெரிந்து இத்தனை வருசமாக அதை யாரும் ஒரு விசயமாகவே எடுத்ததில்லை. சதாசிவம் ஒரே ஒரு காலை வந்து நின்றார். விசயமாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சிற்றுண்டிச்சாலையில் கூட்டம். அன்றைக்குப் பேச வேண்டியது ஒன்றாம் ஆண்டு வகுப்பின் ஒழுகுகிற கூரை. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் கழிவறைக் கதவு. கூரையும் கதவும் இன்று வரை அப்படியேதான் இருக்கின்றன, ஏனென்றால் சதாசிவம் எழுந்து நின்றுவிட்டார்.

“நான் யாரையும் குறை சொல்லல,” என்றார். “ஆனா கடவுள் வாழ்த்து ஓடறப்ப நம்ம பிள்ளைங்க பாதி பேரு கண்ண மூடறதில்ல. கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இப்பவே விட்டா நாளைக்கு யாரு புடிக்கிறது? கட்டாயம் ஆக்கணும். எல்லாப் பிள்ளையும் கண்ண மூடணும், கையக் கூப்பணும். செய்யாதது முன்னால வந்து மேடையில நிக்கணும்.”

பெர்னார்டுக்கு அந்தப் பள்ளியில் பிள்ளையும் இல்லை, சொந்தப் பேரனும் இல்லை. அண்ணன் பேத்தி படிக்கிறாள் என்ற உரிமையில் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவர் எழுந்தார்.

“எல்லாப் பிள்ளையும்னா எங்க பிள்ளைங்களுமா மச்சான்?”

“கடவுள் எல்லாருக்கும் பொதுதானே மச்சான்.”

“பொதுன்னா பாட்டு மட்டும் ஏன் ஒங்களோடது?”

நல்ல கேள்வி என்று நினைத்து நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கட்டாயம் வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று எண்ணினேன். எனக்கு இத்தனை வயதாகியும் மனுசரை எடைபோடத் தெரியவில்லை. கட்டாயம் என்பது நல்ல விசயம்தான் என்றார் பெர்னார்ட். அந்தக் கட்டாயம் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் முறைப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வழக்கு. பள்ளியில் இருக்கும் நாலு கிறிஸ்தவப் பிள்ளைகளையும் தினமும் காலையில் சிற்றுண்டிச்சாலைக்கு அனுப்பிவிட வேண்டுமாம். அவரே நேரில் வந்து, ஒரு பிள்ளை விடாமல் ஜெபம் பண்ண வைப்பாராம். மச்சான்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கு ஒருவர் கண்ணாடி பிடித்த மாதிரி இருந்தது. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் லூசி பேசினாள். இராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேரே வந்திருந்தாள். கம்பெனிச் சட்டை கூட மாற்றவில்லை. கண் இரண்டும் தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தன.

“மாமா, சித்தப்பா, ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்க. அபி ஒண்ணாம் ஆண்டுலருந்து அங்கதான் நிக்கிறா. பாட்டு ஓடறப்ப அவ பாட்டுக்குக் கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிறா. யாருக்காச்சும் இடைஞ்சலா?”

“இடைஞ்சல் இல்லம்மா,” என்றார் சதாசிவம். “ஆனா விரலக் கோத்துகிட்டு நிக்கிறா. எல்லாப் பிள்ளையும் கூப்பி நிக்கறப்ப ஒண்ணு மட்டும் கோத்துகிட்டு நின்னா வரிசையே கெட்டுப் போவுதுல்ல?”

“கோக்கறதுதான்லா எங்க முறை,” என்றார் பெர்னார்ட்.

அவ்வளவுதான். அதற்கு மேலே அந்தக் கூட்டம் ஒரு பத்து வயதுப் பெண்பிள்ளையின் பத்து விரல்களைப் பற்றி மட்டுமே பேசியது. கூப்பினால் பணிவு, கோத்தால் திமிர் என்றார் ஒருவர். கோத்தால் உருக்கம், கூப்பினால் அரசியல்வாதி ஓட்டுக் கேட்கிற மாதிரி என்றார் இன்னொருவர். பொதுவாக இருக்கட்டும், கையைக் கட்டி நிற்கட்டும் என்று ஒருவர் நடுநிலை சொல்ல, அது எந்த மதத்திலும் இல்லை என்று மச்சான்கள் இரண்டு பேரும் முதல் தடவையாகச் சேர்ந்து அவரை உட்கார வைத்தார்கள். கேண்டீன் நடத்தும் மனோகரன் எல்லாருக்கும் இரண்டாவது சுற்றுத் தேத்தண்ணி ஊற்றினார். அபிகெயில் என்ன நினைக்கிறாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளும் லோஷினியும் வெளியே திடலில் டயரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

கடைசியில் லூசி எழுந்தாள். சத்தம் போடவில்லை.

“ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் பிள்ளைய மேடையில நிக்க வெச்சீங்கன்னா, மறுநாளே தேசியப் பள்ளிக்கு மாத்திடுவேன். அவ அப்பா எப்பவோ சொல்லிட்டாரு. நாந்தான் தமிழ்ல படிக்கட்டும்னு புடிச்சி வெச்சிருக்கேன்.”

“அப்படிச் சொல்லு. நம்ம கேண்டீனுக்கு அனுப்பு,” என்றார் பெர்னார்ட்.

“கேண்டீன்லயும் யாரும் அவளப் புடிச்சி வெக்க வேணாம் சித்தப்பா.”

தலைமையாசிரியை சந்திரமதி டீச்சர் நல்லவர். நல்லவர்களுக்கு உள்ள கஷ்டம் அவருக்கும் உண்டு; யார் பேசினாலும் அதில் நியாயம் இருப்பதாக அவருக்குத் தெரிந்துவிடும். அதோடு, பள்ளிக்குப் புது ஒலிபெருக்கி வாங்கித் தருவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். கட்டாயம் என்று சொல்ல வேண்டாம், இரண்டு வாரம் சோதனை முயற்சியாகச் செய்து பார்ப்போம் என்று முடித்துவைத்தார். சோதனை முயற்சி என்றால் நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி. சரியாக வந்தால் நாம் சொன்னது; வராவிட்டால் அது வெறும் சோதனை.

வெளியே வந்ததும் சதாசிவத்தைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினேன். லூசி பிள்ளையை எடுத்துவிட்டால் ஐந்தாம் ஆண்டில் மிஞ்சுவது லோஷினி ஒருத்திதானே, ஒரு பிள்ளைக்காகத் தனி வகுப்பு நடத்துவார்களா, நாலாம் ஆண்டோடு சேர்த்து உட்கார வைத்துவிட மாட்டார்களா என்று கேட்டேன். பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அந்தப் பெண் ஒரு வருசம் எப்படிப் போக்கும் என்றும் கேட்டேன்.

“லூசி சும்மா சொல்றா மாமா,” என்றார். “நம்ம அக்கா மகதானே. எங்க போயிடப் போறா?”

அரைக்கண் பக்தரின் விசேஷம் இதுதான். ஊரில் எல்லாரையும் பார்க்கிற கண், சொந்த வீட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பும்போது முழுக்க மூடிக்கொள்ளும்.

சோதனை ஆரம்பித்தது. கண் மூடாத பிள்ளையைப் பிடிக்க ஒரு சட்டாம்பிள்ளை வேண்டுமே? தலைவர் பேத்திக்குத்தான் அந்த வேலையும் அதற்கான கைப்பட்டையும் கிடைத்தது. பாட்டு ஓடும்போது லோஷினி வரிசைக்கு இடையில் நடப்பாள். பள்ளியிலேயே கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற ஒரே ஜீவன் அவள். முடிந்ததும் பேர் சொல்லுவாள். பேர் வந்தவர்கள் மேடையேறி நிற்பார்கள்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாம் நாள் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், “டீச்சர், இவன் கண்ணத் தொறந்தான்” என்றான். திறந்ததை நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டு டீச்சர் இரண்டு பேரையும் மேடைக்கு அனுப்பினார். அதிலிருந்து பிள்ளைகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். கண்ணை மூடக்கூடாது, மூடினால் யார் நம்மைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் போய்விடும். முழுக்கத் திறக்கவும் கூடாது, மாட்டிக்கொள்வோம். ஆகவே இமையை இறக்கு, நூல் இடைவெளி விடு, பக்கத்தில் இருப்பவனைப் பிடி, அவன் உன்னைப் பிடிப்பதற்குள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரை இமை இன்னும் வசப்படவில்லை. அதுகள் ஒரு கண்ணை இறுக்கி மூடி இன்னொரு கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றன. வாத்தியார்களும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், பெரிய டீச்சர் வாத்தியார்களைப் பார்க்க வேண்டும். சதாசிவத்துக்கு அறுபது வருசம் பிடித்த வித்தை, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. பாட்டு பாட்டுக்கு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது.

அபிகெயில் மட்டும் எப்போதும் போல நின்றாள். கண் மூடியிருக்கும். விரல் கோத்திருக்கும். உதடு மெல்ல அசையும். அவள் வரிசைக்கு வரும்போது சட்டாம்பிள்ளைக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிடும்; குனிந்து கட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

இதை மனோகரன் பார்த்துவிட்டார். கேண்டீன்காரர் பார்த்தது தேத்தண்ணிக் கடைக்குப் போகாமல் இருக்குமா? தேத்தண்ணிக் கடைக்குப் போனது சதாசிவத்துக்குப் போகாமல் இருக்குமா? விரலைக் கோத்த பிள்ளை ஒரு நாள் கூட மேடை ஏறவில்லை என்று கேட்டதும் மனுசனுக்கு மானம் போய்விட்டது. திங்கட்கிழமை தானே நேரில் வந்து நிற்பதாக அறிவித்துவிட்டார். என்னையும் கூப்பிட்டார். “வாங்க மாமா. ஒழுங்குன்னா என்னன்னு பாப்பீங்க.”

செய்தி பெர்னார்டுக்கும் போனது. அவர் சபைக்காரர்களுக்கெல்லாம் வாட்சாப்பில் குரல் செய்தி அனுப்பினார்: திங்கட்கிழமை நம் பிள்ளை ஒன்று சோதிக்கப்படப் போகிறது, சாட்சியாக நிற்க அவர் போகிறார். குரலில் துக்கம் இருந்தது. கூடவே ஒரு சுறுசுறுப்பும் இருந்தது. அது லூசிக்கும் போய்ச் சேர்ந்தது, வேலைக்கு நடுவில்.

திங்கட்கிழமை நான் சிற்றுண்டிச்சாலைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். மேடை நேரே தெரிகிற இடம். பெர்னார்ட் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாட்டுப்பண் முடிகிற நேரத்துக்கு லூசி வந்து சேர்ந்தாள். கம்பெனிப் பையைத் தோளில் மாட்டியபடி அவரைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். கூப்பிட்டால் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிற நிலையில் நின்றாள். சதாசிவம் சலவைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக மேடை நடுவில் இருந்தார்.

கடவுள் வாழ்த்து ஆரம்பித்தது. எல்லா இமையும் இறங்கியது. எல்லா இமைக்கு அடியிலும் நூல் இடைவெளி. பிள்ளை பிள்ளையைப் பார்த்தது, வாத்தியார் பிள்ளையைப் பார்த்தார், பெரிய டீச்சர் தலைவரைப் பார்த்தார், தலைவர் அபிகெயிலின் விரல்களைப் பார்த்தார், பெர்னார்ட் தலைவரைப் பார்த்தார், லூசி மகளைப் பார்த்தாள். நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கையில் சூடான தேத்தண்ணியை வைத்துக்கொண்டு யாராவது கண்ணை மூடுவார்களா?

பாட்டு முடிந்தது. சதாசிவம் ஒலிவாங்கியைத் தட்டினார்.

“சட்டாம்பிள்ள, சொல்லும்மா. இன்னிக்கு யாரு முன்னால வரணும்?”

லோஷினி வரிசைக்கு நடுவில் நின்றாள். தாத்தாவைப் பார்த்தாள். அபிகெயிலைப் பார்த்தாள். அவள் கண் இன்னும் மூடித்தான் இருந்தது. அவளுடைய ஜெபம் முடியவில்லை.

“எல்லாரும் தாத்தா.”

“எல்லாரும்னா?”

“எல்லாருமே கண்ணத் தொறந்து வெச்சிருந்தாங்க. அபிகெயில் மட்டும்தான் மூடியிருந்தா.”

“அவ கை?”

“கைய விடுங்க தாத்தா. நீங்க சொன்னது மொதல்ல கண்ணுதான். நான் பாத்துட்டேன்.”

ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மேடை ஏறுவது என்றால் கொண்டாட்டம். எல்லாரும் என்று காதில் விழுந்ததுமே அதுகள் ஓடின. இரண்டாம் ஆண்டு பின்னால் போனது. வாத்தியார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சந்திரமதி டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடந்து போய்ப் பிள்ளைகளோடு நின்றார். அதற்கு மேலே யார்தான் போகாமல் இருப்பார்கள்? மேடை நிறைந்து, படி நிறைந்து, படிக்குக் கீழேயும் நிறைந்தது. பட்டையைச் சரிசெய்துகொண்டு லோஷினியும் போய் நின்றாள். அவள் கண்ணும் திறந்துதானே இருந்தது?

சதாசிவத்துக்கு ஒரு சிக்கல். தலைவர் என்ற முறையில் அவர் எங்கேயும் நகர வேண்டியதில்லை. ஏனென்றால், கண் மூடாதவர்கள் நிற்க வேண்டிய இடத்தில்தான் அவர் ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் மொத்தமும் வந்து அவரைச் சுற்றி நின்ற பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

திடலில் ஒரே ஒரு பிள்ளை. விரலைக் கோத்தபடி, கண்ணை மூடியபடி.

ஒலிபெருக்கி மட்டும் மெல்ல இரைந்தது. அபிகெயில் வாய்க்குள் ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏன் எல்லாரும் அங்க நிக்கிறீங்க?”

சந்திரமதி டீச்சர்தான் கேட்டார். “ஏம்மா இவ்ளோ நேரம்? அப்படி என்ன ஜெபம்?”

அபிகெயில் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தாள்.

“அம்மா என்ன மாத்திட்டா லோஷினி கிளாஸ்ல தனியா உக்காரணும் டீச்சர். அவளுக்குத் தனியா இருக்கப் பயம். அதான், இன்னொரு பிள்ள வரணும்னு தினமும் கேட்டுகிட்டு இருக்கேன்.”

லூசி தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள். லோஷினி தாத்தாவின் சலவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சதாசிவம் ஒலிவாங்கியை எடுத்தார், திரும்ப வைத்துவிட்டார். அந்த மனுசன் ஒலிவாங்கியைத் தானாகக் கீழே வைத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பேத்தியின் தலையில் கையை வைத்தபடி, ரொம்ப நேரம் அந்தக் காலி வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழுக் கண்ணோடு.

வாசலில் பெர்னார்ட், சாட்சி சொல்ல வந்தவர், கம்பிக் கதவின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

இதோடு மனுசன் திருந்திவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். சதாசிவத்தைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். சோதனை முயற்சி முடிந்துவிட்டதாக அறிவிப்பும் வரவில்லை, தொடர்வதாகவும் வரவில்லை. மறுநாளிலிருந்து சட்டாம்பிள்ளைப் பட்டை மட்டும் காணோம். பாடுகிற பிள்ளை பாடுகிறது, பாடாதது சும்மா நிற்கிறது. அபிகெயில் அதே வகுப்பில், அதே மேசையில் இருக்கிறாள். லூசி மாற்றவில்லை. யார் கேட்டாலும், “பாப்போம்” என்கிறாள்.

அந்த வாரக் கடைசியில் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தேன். சதாசிவம் நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

“நான் யாரையும் குறை சொல்லல. ஆனா மொதல்லருந்தே நான் ஒண்ணுதான் சொல்லிகிட்டு இருக்கேன். சின்னப் பிள்ளைங்கள இதுல கட்டாயப்படுத்தவே கூடாது. இந்தப் பெர்னார்ட் மச்சான்தான் கேக்க மாட்டேன்னுட்டாரு.”

அதே நேரம் கடைவீட்டு மாடியில், சதாசிவம் மச்சானின் மனதை இளக்கியருளியதற்காகப் பெர்னார்ட் பேர் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்தினாராம். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான். லோஷினி பரீட்சையில் மறுபடியும் வகுப்பில் இரண்டாவது.

இப்போது உங்கள் விசயத்துக்கு வருகிறேன். இதை வாசித்துக்கொண்டு வரும்போது உங்கள் மனசில் ஒரு முகம் வந்ததே, அது யாருடையது? பக்கத்து வீட்டுக்காரரா? உங்கள் கோயில் செயலாளரா? சபையில் முன்வரிசை மனுசரா? சொந்த மச்சானா? ‘அச்சு அசல் அவரேதான்’ என்று சிரித்தீர்கள் அல்லவா? யாருடைய முகம் வந்தாலும் வந்திருக்கும். உங்கள் முகம் மட்டும் வந்திருக்காது. கண் எந்தப் பக்கம் போயிருக்கிறது பார்த்தீர்களா?

அதுமட்டுமா? இதை ஒரு படம் பிடித்து அவருக்கு அனுப்பிவைத்தால் என்ன என்று கைப்பேசியை எடுக்கப் போனீர்களே, அந்தக் கையை அப்படியே வையுங்கள்.

கூப்பி வைத்தாலும் சரி, கோத்து வைத்தாலும் சரி. நான் பார்க்கவில்லை.